கனாக் கேட்டு ரோடு போட்டவர்

பிரெஞ்சுக்காரர் ஆண்ட நாளில் புதுச்சேரியில் எத்தனையோ கெட்டிக்கார எஞ்சினீயர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் வீடு வீடாகப் போய், ராத்திரி என்ன கனவு வந்தது என்று கேட்டு, அதை வைத்து ஓர் ஊருக்கே பிளான் போட்டவர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். அவர் எங்கள் ஊருக்கு வந்த பிளான்காரர். அவருக்கும் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. முதல் வாரம் பிளான்காரர் என்றோம். அப்புறம் கனாக்காரர் என்றோம். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

எங்கள் ஊர் வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அன்றைக்கு மேராக இருந்தவரின் பேரன்கள் இன்றைக்கும் எங்களுக்கு எதிர்ப்பக்கம்தான் இருக்கிறார்கள். மேர் என்றால் கொம்யூனுக்கு, அதாவது ஊராட்சிக்கு, தலைவர். அவர் உட்காரும் கச்சேரிக்கு மேரி என்று பெயர். ஊரைச் சுற்றி இங்கிலீஷ்காரன் எல்லை. எங்கள் வீட்டுக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடினால் இரண்டு ராஜாங்கத்தைத் தாண்டிவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அந்த மேரியில் ஊருக்கு ஒரு பழைய பிளான் இருந்தது. யாருடைய தாத்தா காலத்திலோ வரைந்தது. அதன் நடுவில் கறையான் வட்டமாக ஓர் ஓட்டை போட்டிருந்தது. பட்டணத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர் அதைப் பார்த்து, "இது என்ன?" என்று கேட்டாராம். கறையான் தின்றது என்று சொல்ல மேருக்கு வெட்கம். "அது குளம், முசியே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொல்லிவிட்டார். அதிகாரி திருப்தியாகத் திரும்பிப் போனார். அடுத்த மாதமே பட்டணத்திலிருந்து உத்தரவு வந்தது: ஊர் நடுவில் உள்ள குளத்தை உடனே தூர் வாருங்கள்.

இல்லாத குளத்தை எப்படித் தூர் வாருவது? மேர் பதில் எழுதாமல் இருந்தார். இன்னோர் உத்தரவு வந்தது. அப்புறம், குளம் காணாமல் போனது எப்படி என்று விளக்கம் கேட்டு ஒரு காகிதம் வந்தது. அன்றைக்குத்தான் மேர் மீசையைத் தடவிக்கொண்டு, "புதுசா ஒரு பிளான் போட்டுடலாம். தெரிஞ்ச ஆளா ஒருத்தர வச்சிப் போடுவோம்" என்று சபையில் சொன்னாராம்.

மூன்று பேர் வேலைக்கு மனுப் போட்டார்கள். முதல் ஆள் பட்டணத்துத் தொப்பிக்காரர். தினமும் தன்னைக் கூட்டிவர இரட்டைக் குதிரை வண்டி வேண்டும் என்றார். எங்கள் ஊர்ச் சேற்றில் குதிரையைத் தேடவே தனியாக ஒரு பிளான் வேண்டியிருக்கும். இரண்டாவது ஆள், ஊருக்கே வராமல் வீட்டிலிருந்தே வரைந்து அனுப்பிவிடுகிறேன் என்றார். மூன்றாவது ஆள் கேட்டது ஒன்றுதான்: பகலில் படுக்க நிழல் உள்ள இடம். மேர் உடனே, "இந்த ஆளப் போடு" என்றார்.

இப்படித்தான் எங்கள் பிளான்காரர் ஊருக்கு வந்தார். வேட்டிக்கு மேலே கறுப்புக் கோட்டு. கோட்டின் பைகளில் பென்சில், வெற்றிலை, ஒரு கொய்யாப்பழம். கையில் பெரிய தாழங்குடை. செருப்பை அந்தக் குடைக் காம்பில் தொங்கவிட்டுக்கொண்டு வெறுங்காலில் நடப்பார். நிலத்தை மிதிக்காமல் வரைவது தட்டைப் பார்க்காமல் சாப்பிடுவது மாதிரி என்பார். அளப்பதற்குச் சங்கிலி கிடையாது, குடைதான். இந்தத் தெரு முப்பது குடை, அந்தக் கிணறு மேரியிலிருந்து எண்பது குடை. வடக்குப் பாதியை அளந்து முடித்த அன்று ஒரு காளை அந்தக் குடையை முட்டி முறித்துவிட்டது. முறிந்த இடத்தைச் செதுக்கி மறுபடி பொருத்தியதில் காம்பு ஒரு சாண் குறைந்துபோனது. அவர் கவலைப்படவில்லை. அதே குடையால் தெற்குப் பாதியை அளந்தார். அதனால்தான் பிளானில் எங்கள் தெற்குத் தெரு வடக்குத் தெருவைவிடப் பெரிதாக இருந்தது. வடக்குத் தெருக்காரர்கள் அதற்காக எங்களோடு ஒரு வருஷம் பேசவில்லை.

பகலில் படுப்பது சோம்பல் இல்லை, அதுதான் வேலையே என்பார். எந்த இடத்தை வரைய வேண்டுமோ அந்த இடத்தில் அரை மணி நேரமாவது படுத்துக் கண்ணை மூட வேண்டும். அப்போதுதான் அந்த இடம் தன்னைப் பற்றிச் சொல்லுமாம். களத்துமேட்டில் படுத்தார், மதகில் படுத்தார், மேரி வராந்தாவில் மேருக்கு முன்னாலேயே படுத்தார். ஒருநாள் காலை பத்து மணிக்குச் சுடுகாட்டுக் கொட்டகையில் குடையை விரித்துவிட்டுப் படுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஆடு ஓட்டிக்கொண்டு போனவர் பார்த்துவிட்டு ஓடிவந்து, பிளான்காரர் போய்விட்டார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எங்கள் தெருப் பெண்கள் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, ஒப்பாரியை ஆரம்பித்தபடியே சுடுகாட்டுப் பாதையில் நடந்தார்கள். பாதி வழியில் எதிரே குடையோடு அவரே வருகிறார். அழுகையைக் கேட்டு அவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"யாரும்மா செத்துட்டாங்க? இருங்க, நானும் வரேன்" என்று கூடவே திரும்பி நடந்தார். பாதி தூரம் போன பிறகுதான் என் மாமியார் நின்று, "யோவ், நீதான்யா செத்துட்ட!" என்றார்.

என் மாமியாரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் வீட்டுக்காரர் கல்யாணம் ஆன ஐந்தாம் மாதம் கப்பலேறிச் சைகோனுக்குப் போனவர். அங்கே ஒரு கிடங்கில் காவல் வேலை. வருவேன் வருவேன் என்று கடிதாசு வரும், ஆள் வரவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. நாலாம் வகுப்புப் படிப்பு. வெளி மனுஷர் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். எங்கள் தெருக்காரர்களுக்கே என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்கும் சேர்த்து மாமியார் பேசிவிடுவார். அப்புறமும் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

பிளான் வேலை தொடங்கும் முன் மேர் ஊரில் தமுக்கு அடிக்கச் சொன்னார். "பிளான்காரர் வராரு! எது வூடு, எது கொட்டான்னு கேப்பாரு! அல்லாரும் உண்மையச் சொல்லணும்!" அதில்தான் எல்லாம் கெட்டது. உண்மையைச் சொல்லச் சொல்லி ராஜாங்கம் தமுக்கு அடிக்கிறது என்றால் வீட்டுக்கு வரி போடப் போகிறார்கள் என்று அர்த்தம். அன்று சாயந்திரமே ஊர் முழுக்க முடிவாகிவிட்டது, யாருக்கும் வீடு கிடையாது.

எங்கள் வாசலுக்கு அவர் வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாசல் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"இது வூடுதானேம்மா?"

"வூடா? எந்த வூடு? இது மாட்டுக் கொட்டா" என்றார் மாமியார்.

"மாடு எங்க?"

"மேயப் போயிருக்குது."

"அடுப்பு பொகையுதே?"

"மாட்டுக்கு வெந்நி போடறோம்."

"கொடியில பொடவ காயுது?"

"பனி காலம். மாட்டுக்குக் குளுராதா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வாயைப் பொத்தியும் கொஞ்சம் வெளியே வந்துவிட்டது.

"உள்ள யாரோ சிரிச்சாங்களே?"

"அதுவும் மாடுதான்" என்றார் மாமியார், கண்ணைச் சிமிட்டாமல்.

அவர் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டார்: மாட்டுக் கொட்டகை. சிரிக்கும் மாடு ஒன்று. சொந்தக்காரர் வாயால் என்ன சொல்கிறாரோ அதைத்தான் எழுத வேண்டும் என்று மேரின் உத்தரவு. இப்படியே ஊர் முழுக்க மாட்டுக் கொட்டகை, ஆட்டுக் கொட்டகை, எருக் கிடங்கு என்று எழுதினார். எங்களுக்கு எதிர்ப்பக்கம் மேரின் வீடு. ஊருக்கே ஒரே மாடி வீடு, மாடியில் கண்ணாடி ஜன்னல். மேர் வாசலில் நின்று, யாரும் பக்கத்தில் இல்லையே என்று பார்த்துக்கொண்டு, "வைக்கோல் வைக்கிற எடம்னு போட்டுக்கோ" என்றாராம்.

ஆக, புதுப் பிளான் தயாரானபோது எங்கள் ஊரில் ஒரு மேரி, ஒரு கோயில், ஓர் ஏரி, மீதியெல்லாம் மாடு. மனுஷர் ஒருவரும் இல்லை.

மேருக்கு இதைப் பார்த்ததும் ஒரு பெரிய யோசனை வந்தது. குவர்னர் வருஷா வருஷம் கொம்யூன்களைப் பார்க்க வருவார். எங்கள் ஊருக்கு மட்டும் வந்ததில்லை. மேரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் ஏரி முழுக்கத் தெரிகிற மாதிரி நேராக ஒரு ரோடு போட்டுவிட்டால் குவர்னர் மயங்கிவிட மாட்டாரா? நடுவில் என்ன இருக்கிறது, ஒரு மாட்டுக் கொட்டகைதானே. இடித்துவிடலாம்.

அந்த மாட்டுக் கொட்டகை எங்கள் வீடு.

சேதி வந்த அன்று மாமியார் பேசவில்லை. அது ஒன்றே போதும், எங்களுக்கு எவ்வளவு பெரிய இடி என்று தெரிந்துகொள்ள. வீடு இல்லை என்று சொன்னது அவர் வாய்தான். இப்போது வீடு என்று சொன்னால் பொய் சொன்னதற்குத் தண்டனை, அதோடு வரியும் என்று யாரோ பயங்காட்டிவிட்டார்கள். "வேற எடத்துல ஒரு குடிசயப் போட்டுக்கலாம்டி. மேரு எடம் குடுப்பாராம்" என்றார் மறுநாள்.

எனக்குக் குடிசையைப் பற்றிக் கவலை இல்லை. என் கவலை வேறு. என் வீட்டுக்காரருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதாசெல்லாம் யாரோ எழுதிக்கொடுத்து வருவது. அவருக்குத் தெரிந்த விலாசம் ஒன்றுதான்: தெரு வளைகிற இடம், பூவரச மரம், வாசல். அந்த இடத்தில் நேராக ஒரு ரோடு கிடந்தால் அவர் எங்கே வந்து கதவைத் தட்டுவார்?

பிளான்காரருக்கும் அந்த நாட்களில் சந்தோஷம் இல்லை. பத்து மணிக்கு எங்கள் பூவரச மரத்தடிக்கு வருவார். மாமியார் மோர் கொடுப்பார். குடித்துவிட்டுப் பிளானை விரித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் சொன்னார்:

"இந்த ஊர்ல நான் கேட்டதுக்கு ஒருத்தரும் உண்மை சொல்லலம்மா."

"எதுக்குச் சொல்லணும்? வரி போடவா?" என்றார் மாமியார்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். யோசித்தார். மரத்தடியில் அப்படியே சாய்ந்து அரை மணி தூங்கினார். எழுந்ததும் முகமெல்லாம் வெளிச்சம். "வரி போட முடியாத ஒண்ணு இருக்குதும்மா" என்றார். "சொல்லு, நேத்து உனுக்கு இன்னா கனா வந்திச்சி?"

மாமியார் ஒரு நிமிஷம் அவரை முறைத்துப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். குவர்னரின் சம்சாரம் எங்கள் வீட்டுக்கு வந்து, முறுக்கு எப்படிப் பிழிவது என்று கேட்ட கனவு. மாவுப் பக்குவத்திலிருந்து தொடங்கி முழுதாகச் சொன்னார். கனவில் ஒரு பொய் இல்லை. அவர் பிளானில் ஓர் ஓரமாக வரைந்தார்: முறுக்குக் கடை.

அன்றிலிருந்து தினமும் காலையில் வீடு வீடாகக் கனவு கேட்டார். பல்குச்சியும் கையுமாக ஜனங்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். வீடு இல்லை என்று சாதித்த வாய்கள் கனவில் வந்த வீட்டின் கதவு நிலைக்கு என்ன வண்ணம் என்பதுவரைக்கும் சொல்லின. கோடித் தெருக் கிழவர் ஒருவர், செத்துப்போன தன் எருது வாய்க்கால் மேல் பாலத்தில் நடந்துபோனதாகச் சொன்னார். வாய்க்காலில் பாலம் இல்லை. அவர் வரைந்தார். ஒரு பெண், கிணற்றுக் கயிறு கை கடுக்காத அளவுக்குச் சின்னதாகிவிட்டதாகச் சொன்னாள். ஏரிக்குப் பக்கத்தில், தண்ணீர் மேலாக ஊறும் இடத்தில், ஒரு கிணறு வரைந்தார். கனவில் நாற்காலியிலிருந்து விழுந்துகொண்டே இருந்ததாக மேரே ரகசியமாகச் சொன்னாராம். மேரி வராந்தாவுக்கு ஒரு கைப்பிடிச் சுவர் வரைந்தார். கனவு வராதவர்கள் கூச்சப்பட்டு அடுத்த வீட்டுக் கனவைக் கடன் வாங்கிச் சொன்னார்கள். அதை அவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். "இது உன் கனா இல்லியே, எதிர்த்த வூட்டுக் கனாவாச்சே" என்று நகர்ந்துவிடுவார்.

காலையில் பனி விலகாத நேரத்தில், ஏரியின் மேல் புகை மாதிரி ஏதோ நகர்ந்துகொண்டிருக்கும். அதற்கு முன்னால் கறுப்புக் கோட்டும் குடையுமாக அவர் தெருவில் வருவதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்ப்பேன். அந்த நாட்களில் எங்கள் ஊரே அரைத் தூக்கத்தில் நடந்த மாதிரி இருந்தது. ஒருத்தர் கனவில் இன்னொருத்தர் வந்துவிட்டால் சொல்லி அனுப்பினார்கள். சண்டை போட்டவர்கள் கனவில் பேசிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டு நிஜத்திலும் பேசிவிட்டார்கள்.

எங்கள் வாசலுக்கு வரும்போதெல்லாம் மாமியாரிடம் கேட்டு முடித்துவிட்டு, கதவைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். "கதவம்மா, உனுக்கு இன்னா கனா வந்திச்சி?"

என் முகத்தை அவர் பார்த்ததில்லை. அதனால் கதவம்மா. நான் பதில் சொன்னதில்லை. அவர் கொஞ்ச நேரம் பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். "செரி, நாளைக்கு வரேன்" என்று எழுந்து போவார். ஒருநாள்கூடக் கேட்காமல் போனதில்லை.

ரோட்டுக்குச் சுண்ணாம்புக் கோடு போட நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முதல் நாள் வந்தார். மாமியார் தண்ணீருக்குப் போயிருந்தார். மரத்தடியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டார். "கதவம்மா, நாளைக்குக் கோடு போட்டுட்டா அப்பறம் நான் கேக்க வரமாட்டேன். இன்னா கனா?"

நான் கதவிடம் சொன்னேன். கதவுக்குத்தான் சொன்னேன், அவர் கேட்டுக்கொண்டார்.

"அவரு சைகோன்லேர்ந்து வராரு. கையில தகரப் பொட்டி. ரோடு நேரா கெடக்குது. நடந்துக்கினே வராரு. எங்க திரும்பறதுன்னு அவருக்குத் தெரியல. நான் கூப்புடறேன், கொரலு வரல. அப்பிடியே நேரா நடந்துபோயி ஏரியில எறங்கிட்டாரு. தண்ணி மேல நடக்கறாரு. பொட்டி மட்டும் மெதந்துக்கினு இருக்குது."

வெளியே பென்சில் சத்தம் கேட்கவில்லை. "தெனமும் இதே கனாவா?" என்றார்.

"ஆமாங்க."

"செரிம்மா" என்றார். கொய்யாப்பழத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை மேர், சபைக்காரர்கள், ஊர் ஜனம் எல்லாரும் எங்கள் வாசலில். மேரி வாசலிலிருந்து சுண்ணாம்புக் கோடு வெள்ளையாக வந்து எங்கள் பூவரச மரத்தண்டை நின்றது. சுண்ணாம்புக் கூடை பிளான்காரர் கையில். அவர் அந்தச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுந்திரிய்யா, கோட்டப் போடு" என்றார் மேர்.

"ஒரு சந்தேகம் முசியே. இந்தப் பக்கம் ஒரு கொட்டா இருக்குது. கோட்ட லேசா அந்தப் பக்கம் ஒதுக்குனா அங்க ஒரு வைக்கோல் கொட்டா இருக்குது. ரெண்டுமே கொட்டா. வைக்கோல் கொட்டாவ இடிச்சா ரோடு இன்னும் நேரா வரும். எத இடிக்கட்டும்?"

ஜனம் முழுக்க மாடி வீட்டைத் திரும்பிப் பார்த்தது. கண்ணாடி ஜன்னலில் வெயில் பட்டு மின்னியது.

"யோவ், அது என் வூடுய்யா!" என்று கத்திவிட்டார் மேர்.

"நீங்க சொல்லித்தான முசியே வைக்கோல் எடம்னு எழுதுனேன்? சொந்தக்காரரு வாயால சொன்னாத்தான் மாத்தி எழுதலாம்னு உங்க உத்தரவு."

மேரின் மீசை ஒரு பக்கம் இறங்கியது. கூட்டத்தில் ஒருத்தர் இருமினார், ஒருத்தர் முண்டாசை அவிழ்த்து மறுபடி கட்டினார். யாரும் சிரிக்கவில்லை, எல்லாரும் பொய் எழுதிக் கொடுத்தவர்கள். கடைசியில் மேர் மெல்ல, "வூடுதான்யா. எழுதிக்கோ" என்றார். பிளான்காரர் அழித்து எழுதினார். பிறகு எங்கள் மாமியாரைப் பார்த்தார்.

"இப்ப நீ சொல்லும்மா. இது இன்னா?"

மாமியார் உதட்டை இறுக்கிக்கொண்டார். மேருக்கு வரி கட்ட வக்கு உண்டு, மேரை யார் தண்டிப்பார்கள்? நமக்கு அப்படியா? "கொட்டாதான்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது, வாய் மட்டும் கொட்டா என்கிறது. பிளான்காரர் மறுபடி கேட்டார். "கொட்டாதான்யா. ஒருவாட்டி சொல்லிட்டேனில்ல" என்றார். அவர் சுண்ணாம்புக் கூடையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பென்சிலைப் பிடித்துக்கொண்டு, தினமும் காத்திருக்கிற மாதிரியே காத்திருந்தார்.

என் கை கதவின் மேல் இருந்தது. எப்படித் திறந்தேன் என்று தெரியாது. அத்தனை ஆம்பிளைகளுக்கு முன்னால் வெயிலில் வந்து நின்றேன். கண்ணெல்லாம் கூசியது.

"இது வூடு" என்றேன். "நாங்க இங்க குடியிருக்கோம். அவரு வந்தா இங்கதான் வருவாரு."

முன்னே பின்னே கேட்காத குரல். மேர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "இப்ப யாருய்யா பேசுனது?" என்றார்.

"அந்தச் சிரிச்ச மாடு, முசியே" என்றார் பிளான்காரர். "சொந்தக்காரரு சைகோன்ல இருக்காரு. அவரு சம்சாரம் சொன்னா செல்லும்."

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டி, உனுக்கு இவ்ளோ பெரிய வாய் இருக்குதா? இத்தினி நாளா எங்கடி வச்சிருந்த?" என்றார். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வூடுதான்யா, எழுதிக்கோ. அவளே சொல்லிட்டா" என்றார். அதற்குள் பின்னாலிருந்து, "அப்ப எங்களுதும் வூடுதான்!" "எனுதுல ரெண்டு அற இருக்குது, அதையும் எழுது!" என்று ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். அன்று சாயந்திரத்துக்குள் எங்கள் ஊரில் மாடுகள் குறைந்து மனுஷர் நிறைந்துவிட்டார்கள்.

மேரின் வீட்டையும் இடிக்க முடியாது, எங்கள் வீட்டையும் இடிக்க முடியாது. பிளான்காரர் எழுந்து, சுண்ணாம்பை எங்கள் பூவரச மரத்தைச் சுற்றி மெதுவாக, கோலம் போடுகிற மாதிரி வளைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் ஏரிவரைக்கும் இழுத்தார்.

புதுப் பிளான் பட்டணத்துக்குப் போய் முத்திரையோடு திரும்பி வந்தது. அதில் குளம் இல்லை. குவர்னரும் ஒரு வருஷம் நிஜமாகவே வந்தார். மேரி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஏரி தெரியவில்லை. வளைவில் எங்கள் வீட்டுக் கொடியும், அதில் காய்ந்த மாமியாரின் சிவப்புப் புடவையும்தான் தெரிந்தன. "மிக நல்ல நிறம்" என்று குவர்னர் சொன்னதாக மாமியார் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். வரிக் காகிதம் வரும் ஒவ்வொரு வருஷமும், "எல்லாம் உன் வாயால வந்தது" என்று என்னைத் திட்டிவிட்டு, அதே மூச்சில் குவர்னர் கதையையும் சொல்லிவிடுவார்.

பிளான்காரர் வேலை முடிந்த மறுநாளே குடையில் செருப்பைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அரியாங்குப்பத்தில் யாரோ ஓர் ஆற்றுத் துறைக்குக் கனாக் கேட்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். எங்கள் வாசலில் நின்று மோர் குடித்தார். "வரேன் கதவம்மா" என்றார். நான் கதவுக்கு வெளியேதான் நின்றுகொண்டிருந்தேன். ஆனாலும் பழக்கத்தில் கதவைப் பார்த்துத்தான் சொன்னார். அப்புறம் அவரைப் பார்க்கவில்லை.

உலகச் சண்டை வந்தது, கப்பல் நின்றது, கடிதாசும் நின்றது. எல்லாம் முடிந்து ஒருநாள் மத்தியானம் ஒரு கட்டை வண்டி எங்கள் வளைவில் மெதுவாகித் திரும்பியது. அதிலிருந்து ஒரு தகரப் பெட்டியும், பாதி நரைத்த தலையோடு ஓர் ஆளும் இறங்கினார்கள். "ஊரே மாறிப்போயிருக்குது. நல்ல வேள, வண்டி இங்க மெதுவாச்சி. பாத்தா நம்ம மரம்" என்றார் என் வீட்டுக்காரர்.

பிளான்காரர் வரைந்த பாலம் பிற்பாடு வந்தது. ஏரிக்கரைக் கிணறும் வந்தது. முறுக்குக் கடைகூட வந்துவிட்டது, மாமியார்தான் பார்க்கவில்லை. மேரி வராந்தாவின் கைப்பிடிச் சுவர் மட்டும் வரவில்லை. மேர் ஒருநாள் நாற்காலியோடு விழுந்தார், அடி ஒன்றும் இல்லை. இந்தியாவோடு சேர்ந்த பிறகு அளக்க வந்த அதிகாரிகள், நல்ல ரோட்டில் இங்கே மட்டும் எதற்கு இப்படி ஒரு வளைவு என்று தலையைச் சொறிந்தார்கள். யாருக்கும் ஞாபகமில்லை. நானும் சொல்லவில்லை. பஸ் ஓட்டுகிறவர்கள் தினமும் அந்த வளைவைத் திட்டுகிறார்கள்.

எனக்கு இப்போதெல்லாம் ராத்திரிக்கு இரண்டு மூன்று கனவு வருகிறது. காலையில் வந்து கேட்க ஆளில்லை. அதனால் முதல் பஸ் எங்கள் வாசலில் மெதுவாகித் திரும்புகிற அந்த நேரத்துக்கு, கதவைத் திறந்துகொண்டு மரத்தடிக்கு வந்து நின்று, நேற்று வந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.